உருவப்படமும் உடன்படிக்கையும்: பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் பணம் கொடுத்துத் தமது உருவத்தை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவிக்கும்போது அங்கு விற்பனையாவது யாது? துணியும் வண்ணமுமா, ஓவியரது உழைப்பா, அல்லது தாம் உலகின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றவேண்டும் என வரைவிப்பவர் கொண்டிருக்கும் விருப்பமா? கலை விமர்சனத்திலே இவ்வினாவுக்கு இரு விடைகள் வழக்கிலுள்ளன. மேதையான கலைஞன் வரைவிப்போரின் கட்டளையை மீறியே உயர்ந்த படைப்பை ஆக்குகிறான் என்பது ஒன்று. கூலி கொடுத்தவனின் வர்க்க நலனையே கூலி பெற்றவனின் தூரிகை பிரதிபலிக்கும் என்பது மற்றது. முன்னது கலையைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடுகிறது. பின்னது சமூகத்தைக் கூறும் அவசரத்திற் கலையை மறந்துவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்திலே எழுந்த உருவப்படங்கள் இவ்விரு விடைகளினதும் போதாமையை நன்கு உணர்த்துவன.

அக்கால ஒல்லாந்துக் குடியரசிலே திருச்சபையும் அரசவையும் ஏனைய ஐரோப்பிய நாடுகளிற்போல ஓவியரைப் பேணும் முதன்மை நிறுவனங்களாக இருக்கவில்லை. சீர்திருத்தச் சபையினர் தமது ஆலயங்களுக்குப் படங்களை வேண்டி நிற்கவில்லை. நகரங்களின் வணிகரும் ஆட்சிக் குழுவினருமே ஓவியரை நாடிச் சென்றனர். 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனியும் இவ்வர்க்கத்தின் மூலதனத்திலேயே இயங்கியது. நமது பழம் புலவர் பெற்றது பரிசில். அது புரவலனின் வண்மையைப் பொறுத்தது. ஒல்லாந்து ஓவியர் பெற்றது விலை. அது உடன்படிக்கையைப் பொறுத்தது. பரிசில் நீட்டித்தவனைப் புலவன் பாடிப் பழிக்கலாம். விலையிலே தகராறு எழுந்தால் நொத்தாரிசிடமே செல்லவேண்டும்.

‘இரவுக் காவல்’ என இன்று வழங்கும் றெம்பிராண்டின் 1642 ஆம் ஆண்டு ஓவியத்தை இப்பின்னணியிலே நோக்குதல் வேண்டும். ஆம்ஸ்ரடாம் நகரக் காவற்படைப் பிரிவொன்றினர் பங்கு சேர்த்து வரைவித்த படம் அது. பின்னர் ஓவியர் வங்குறோத்தானதைத் தொடர்ந்து அவரது பழைய வருமானம் பற்றி விசாரிக்கப்பட்டபோது, படத்தில் இடம்பெற்ற துணி வணிகர் ஒருவர் சாட்சியமளித்தார். பதினாறு பேர் சராசரியாகத் தலைக்கு 100 கில்டர் கொடுத்தனர் என்றும், படத்திலே தத்தமக்குக் கிடைத்த இடத்துக்கேற்பச் சிலர் கூடவும் சிலர் குறையவும் கொடுத்தனர் என்றும் அவர் கூறினார். படத்தின் பரப்பே விலைமதிப்புப் பெற்ற பண்டமாகிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயின் அப்படத்திலே பணம் கொடுத்தோர் சிலரது முகங்கள் பிறரின் கைக்கும் கருவிக்கும் பின்னே பாதி மறைகின்றன. காசு எதுவும் கொடாத, இடையிலே கோழியொன்றைத் தொங்கவிட்ட சிறுமி ஒருத்தியின்மீது பேரொளி விழுகிறது. இதனாற் படையினர் சினந்து படத்தை ஒதுக்கினர் என்றும், ஓவியரின் வீழ்ச்சி அன்றே தொடங்கியது என்றும் ஒரு கதை பிற்காலத்திற் பரவியது. அதற்கு ஆவணச் சான்று இல்லை. படம் அவர்களது மண்டபத்திலேயே தொங்கியது. 1662 இலும் துணிவணிகக் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டாளர் தமது கூட்டுப்படத்தை றெம்பிராண்டைக் கொண்டே வரைவித்தனர். தனித்தனி உருவங்களைவிடத் தமது மனக்கருத்துக்கே அவர் கூடிய இடம் கொடுத்தார் எனப் பலர் கருதியதாக அவரது மாணவர் ஹோக்ஸ்ராட்டன் 1678 இல் எழுதினார். ஆயின் அவரே அப்படத்தை ஏனையவற்றினும் உயர்த்திப் போற்றினார். கருத்து வேறுபாடு இருந்தது, நிராகரிப்பு இருக்கவில்லை.

உண்மையான தகராறு வேறோரிடத்தில் எழுந்தது. 1654 இலே போர்த்துக்கேய வணிகரான தியகோ த அந்திராடா, இளம்பெண் ஒருத்தியின் படத்துக்காக 75 கில்டர் முற்பணம் கொடுத்திருந்தார். படம் அப்பெண்ணை ஒத்திருக்கவில்லை. திருத்துக, அன்றேல் பணத்தைத் திருப்பித் தருக என நொத்தாரிசு மூலம் அவர் றெம்பிராண்டுக்கு அறிவித்தார். மிகுதிப் பணம் வரும்வரை, அல்லது அதற்குப் பிணை கிடைக்கும்வரை, படத்தைத் தொடேன் என்றார் ஓவியர். படம் முடிந்தபின் ஓவியர் சங்கமாகிய புனித லூக்காவின் கழகத் தலைவர்கள் தீர்ப்பளிக்கட்டும். ஒப்புமை இல்லையென அவர்கள் கூறின் திருத்துவேன். அப்போதும் அவர் திருப்தியுறாவிடின் படத்தை நானே வைத்துக்கொண்டு ஏலத்தில் விற்பேன் என்றார்.

இவ்விடை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மேதையின் சுதந்திரம் எதனையும் றெம்பிராண்ட் இங்கு கோரவில்லை. ஒப்புமை தேவையில்லை என்றும் வாதிடவில்லை. ஒப்புமையைத் தீர்மானிக்கும் உரிமை விலை கொடுத்தவனுக்கு மட்டும் உரியதன்று, தொழில் அறிந்தோரின் கூட்டுத் தீர்ப்புக்கும் உரியது என்பதே அவரது நிலைப்பாடு. கலைஞனின் சுயாதீனம் தனிமனித ஆளுமையிலிருந்து மட்டுமன்றி, ஒரு தொழிலின் கூட்டு நியமங்களிலிருந்தும் பிறக்கிறது என்பதனை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

ஹார்லம் நகரின் பிரான்ஸ் ஹல்ஸ் 1664 அளவில் வரைந்த முதியோர் அறநிலைய ஆளுநர், ஆளுநியர் படங்கள் இரண்டும் இதே பிரச்சினையை வேறொரு வகையில் எழுப்புகின்றன. அப்போது ஹல்ஸ் எண்பது வயதைத் தாண்டியவர்; 1662 முதல் நகராட்சியின் உதவிப்பணத்தில் வாழ்ந்தவர். ஜோன் பேர்ஜர் 1972 இல் வெளியான நூலிலே, இப்படங்களை இசைவு, அமைப்பு எனப் பேசி அமைந்துவிடும் கலை வரலாற்றாசிரியரைக் கண்டித்தார். வறியவர் ஒருவர் அறம் வழங்கும் அதிகாரத்தை நேருக்கு நேர் நோக்குவதே இங்குள்ள நாடகம் என்றார். உருவவாதத்துக்கு எதிரான வாதமென்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும் படங்களை அவ்வாளுநர் நிராகரித்ததாக அறிய வரவில்லை. நமக்கு இறுக்கமாகத் தோன்றும் முகங்களை அவர்கள் தமது கண்ணியத்தின் சாட்சியாகவே ஏற்றிருத்தல் கூடும். வரைவித்தோர் கேட்ட கண்ணியத்தையும் அதனூடே ஓவியர் கண்ட மனிதரையும் ஒரே முகத்தில் ஒருங்கே நிறுத்தியமையே ஹல்ஸின் சாதனை. இரண்டில் ஒன்றை நீக்கினும் படம் வறுமையுறும்.

எனவே, ஒரு படைப்பு பிறர் வேண்டுகோளின்பேரில் எழுந்தது என்பது அதன் குற்றமுமன்று, அதன் தகுதிக்குச் சான்றுமன்று. யார் பணம் கொடுத்தார் என வினவுதல் முற்போக்கு விமர்சனத்தின் முதற்கடன்; ஆயின் அது முதற்கடன் மட்டுமே. கொடுத்த பணத்துக்கு என்ன கேட்கப்பட்டது, கேட்டதற்கு மேலாக என்ன கொடுக்கப்பட்டது, அவ்வாறு கொடுக்கும் வலிமையைக் கலைஞன் தன் தொழிலின் எந்த நியமங்களிலிருந்து பெற்றான் என்னும் வினாக்கள் அதனைத் தொடர்தல் வேண்டும். அவற்றைக் கேளாது வர்க்கத்தின் பெயரைச் சூட்டி நிறுத்திவிடும் விமர்சனம், படத்தின் விலைச்சீட்டை வாசித்துவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணுவதாகவே முடியும்.