பனிப்புல மக்களும் இரு திரைப்படங்களும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைச் சித்திரிக்க முற்படும் கலைஞன் எங்கே நின்று நோக்குகிறான் என்னும் வினா தவிர்க்க இயலாதது. கனடாவின் வடபுலத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிய இரு படங்களை ஒப்புநோக்குமிடத்து இவ்வினாவின் முக்கியத்துவம் தெளிவாகின்றது. ஒன்று, றொபேட் பிளஹேட்டி 1922இல் வெளியிட்ட 'வடபுலத்து நனூக்'. மற்றையது, சக்கறியாஸ் குனுக் 2019இல் வெளியிட்ட 'நோவா பியுகாட்டுக்கின் வாழ்வில் ஒரு நாள்'.

பிளஹேட்டியின் படம் விவரணச் சினிமாவின் முன்னோடி எனப் போற்றப்படுவது. உறைபனியை அறுத்து வீடு கட்டும் காட்சியின் அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அழகின் பின்னணியை ஆராய்தல் விமரிசகனின் கடமையாகும். படத்துக்குப் பணம் அளித்தது றெவியோன் என்னும் பிரெஞ்சு உரோம வணிகக் கும்பனி. நாயகனின் உண்மைப் பெயர் நனூக் அன்று, அல்லாக்கரியல்லாக். துப்பாக்கிக்குப் பழகிவிட்ட மக்கள் கமெராவின்முன் ஈட்டி ஏந்தினர். கிறாமபோனை முன்னரே அறிந்தவர், இசைத்தட்டைக் கடித்துப் பார்ப்பவராக நடித்தார். வணிக நிலையம் படத்திலும் வருகின்றது. ஆனால் வணிகன் அங்கே வேடிக்கை காட்டும் நண்பனாகவே தோன்றுகிறான். நரித்தோலின் விலையை யார் நிர்ணயித்தனர் என்னும் வினா எழவேயில்லை. வரலாறு அகற்றப்பட்டபின், என்றும் மாறாத 'இயற்கை மனிதன்' என்னும் கற்பனையே எஞ்சுகின்றது.

இத்தகைய கற்பனைகள் திரையோடு நின்றுவிடுவதில்லை. அப்படம் பிடிக்கப்பட்ட இனுக்ஜுவாக் பகுதியிலிருந்தே 1953இலும் 1955இலும் கனடிய அரசு பல குடும்பங்களை ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுசென்று குடியேற்றியது. பனியில் வாழ்பவனுக்கு எந்தப் பனியும் ஒன்றே என எண்ணினர் போலும்! மாதக்கணக்கில் சூரியன் தோன்றாத இருளை அம்மக்கள் அதற்குமுன் அறிந்திலர். பிளஹேட்டிக்கு அம்மண்ணில் பிறந்த மகனும் அவ்வாறு அனுப்பப்பட்டோருள் ஒருவர். அரசு மன்னிப்புக் கோரியது 2010இலேயாகும்.

குனுக் 1957இல் பிறந்தவர். சிறுவனாகவே பள்ளிக்கென இக்ளூலிக் குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டவர். தாம் செதுக்கிய கற்சிற்பங்களை விற்ற பணத்தில் 1981இல் கமெரா வாங்கியவர். அவரது படம் 1961ஆம் ஆண்டின் ஒரு நாளைக் காட்டுகின்றது. நாய்வண்டியில் வேட்டைக்குச் செல்லும் நோவாவை அரச அலுவலர் ஒருவர் மொழிபெயர்ப்பாளனுடன் சந்திக்கிறார். குடியிருப்புக்கு வருக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புக, வீடு தருவோம் என்கிறார். நோவா மறுக்கிறார். மீண்டும் கேட்கப்படுகின்றது; மீண்டும் மறுக்கிறார். இடையில் நிற்பவனோ இருவர் சொற்களையும் சுருக்கியும் மழுக்கியும் தருகிறான். இரு மொழிகளின் பொருளும் பார்வையாளராகிய நமக்கு மட்டுமே முழுமையாகப் புலனாகின்றது. ஆதிக்கம் எப்பொழுதும் படையுடன் வருவதில்லை. தேநீர் அருந்தியபடி உரையாடவும் வரும் என்பதனை இதனினும் நுட்பமாக உணர்த்துதல் அரிது.

உரையாடல் நீண்டு சலிப்பூட்டுகின்றது என்பாருமுளர். ஒரு மனிதனின் 'இல்லை' என்னும் சொல்லைக் களைப்படையச் செய்யும் முறையே அந்த நீளம் என்பதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நாம் காணும் குறை வேறு. அலுவலரும் ஓர் ஏவலாளரே. அவரை ஏவிய அரசின் பொருளாதார, இராணுவ நலன்களைப் படம் போதியளவு ஆராயவில்லை.

எனினும், இனுயிட்டாகப் பிறந்தவர் எடுத்தமையால் மட்டும் இப்படம் சிறந்ததென நாம் கூறவில்லை. பிறப்பு உண்மைக்கு உத்தரவாதமன்று. பிளஹேட்டி துப்பாக்கியை மறைத்து மனிதனை அழகாக்கினார். குனுக், மனிதனை நெருக்கிய வரலாற்றை மறைக்காது காட்டினார். மக்கள் கலை எது என்பதற்கு இவ்வேறுபாடே தக்க அளவுகோலாகும்.