இரு தூண்வரிசைகள்

வட ஆப்பிரிக்காவின் ரோமச் சின்னங்களைப் பற்றிய பழைய ஐரோப்பிய எழுத்துகளில் ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி தலைகாட்டும். ரோமர் எழுப்பியதை அரபியர் கல்லுக்காகச் சிதைத்தனர் என்பதே அது. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசல் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உக்பா இப்னு நாஃபிஉ 670இல் அடித்தளமிட்டு, அஃக்லபி அமீர் ஸியாதத்துல்லாஹ் 836இல் புதுப்பித்துக் கட்டிய அப்பள்ளியில் நானூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ரோம, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து வந்தவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் அவை அங்கு என்ன செய்கின்றன என்பதும் நோக்கத்தக்கது. உயரத்திலும் நிறத்திலும் வேறுபட்ட தூண்களை, தலைப்புகளின்மேல் இடைத்தாங்கிகள் வைத்துச் சமன்செய்து, ஒரே கூரையைத் தாங்கச் செய்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கூரையின்கீழ் தொழுகை நடந்துவருகிறது.

இதனோடு லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவை ஒப்பிடலாம். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் பிறந்த இந்நகரம் அரபியர் வருமுன்பே நலிந்துவிட்டது. மணல் அதனை மூடிக் காத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியத் தூதர் வாரிங்டன் அங்கிருந்து தூண்களைக் கப்பலேற்றினார். 1820களில் அவை மன்னர் நான்காம் ஜார்ஜின் வின்ட்சர் பூங்காவில், இடிந்த கோயில் ஒன்றின் தோற்றத்தில் அலங்காரமாக நிறுத்தப்பட்டன. கைரவானில் இடிபாடு கட்டடமாயிற்று. வின்ட்சரில் இடிபாட்டைக் கொண்டு இடிபாடே கட்டப்பட்டது. முன்னதைச் சூறை என்றும் பின்னதை ரசனை என்றும் வழங்கும் அளவுகோல் நேர்மையானதன்று. 1911இல் லிபியாவின்மீது படையெடுத்த இத்தாலியரோ, அந்நகரைத் திறம்படத் தோண்டியெடுத்தபோதும், ரோமின் கற்களைத் தம் ஆட்சியுரிமைக்குப் பத்திரமாகக் காட்டினர்.

எனினும் நம் பக்கக் கணக்கையும் மறைத்தலாகாது. வாரிங்டன் கொண்டுசென்ற தூண்களுக்கு இசைவளித்தவர் திரிப்போலியை ஆண்ட யூசுஃப் கரமான்லி பாஷா. பூமியில் பயணித்து முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. காண்பதற்குச் சின்னங்கள் எஞ்சியிருக்க வேண்டும். 2016இல் லெப்டிஸ் மாக்னாவை யுனெஸ்கோ அபாயத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. கைரவான் தூண்களைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், லெப்டிஸின் தூண்களையும் நம் அமானிதமாகக் கருதினாலன்றி அப்பெருமை நிறைவுபெறாது.