ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு பேச்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மக்களவை ஒரு பழைய தேவாலயத்தில் கூடியது. 1834 அக்டோபரில் தீக்கிரையாகும் வரை செயின்ட் ஸ்டீபன்ஸ் சேப்பல்தான் மன்றம். உறுப்பினர்கள் 658 பேர். எல்லோரும் வந்தால் உட்கார இடம் போதாது. எதிரணி, முகம் தெரியும் தூரத்தில் எதிர் பெஞ்சில் இருந்தது. எழுதி வந்து படிப்பதை அவை ஏற்காது. பெண்களுக்குப் பார்வையாளர் மாடத்தில் அனுமதி இல்லை. அவர்கள் மன்றத்தின் உட்கூரைக்கு மேலிருந்த பரணில் ஏறி, சரவிளக்கின் சூடும் புகையும் வெளியேறும் துவாரத்தைச் சுற்றி நின்று கேட்டார்கள். அந்த வெக்கையிலும் கேட்க வந்தார்களே, அதுவே அந்தக் காலத்துப் பேச்சின் மதிப்பு.

அந்த அவையின் பெரும் பேச்சாளர்களான பிட், ஃபாக்ஸ் இருவரும் 1806-ல் மறைந்தார்கள். அடுத்து வந்தவர்களில் கேனிங் செதுக்கிப் பேசுபவர். 1826 டிசம்பரில் போர்ச்சுகலுக்குப் படை அனுப்புவது பற்றி அவர் ஆற்றிய உரை அந்தப் பாணியின் உச்சம். ப்ரூம் வெள்ளம் போன்றவர். 1828 பிப்ரவரியில் சட்டச் சீர்திருத்தம் பற்றி ஆறு மணி நேரம் பேசினார். ஆனால் அந்த வெள்ளத்துக்கும் கரை கட்டியிருந்தார். மணவிலக்கு விசாரணைக்கு உள்ளான அரசி கரோலினின் வழக்கறிஞராக 1820-ல் பிரபுக்கள் அவையில் பேசியபோது, முடிவுரையை மட்டும் இருபது முறையாவது திருத்தி எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பண்டைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸை வாரக்கணக்கில் படித்த பிறகுதான் எழுதவே உட்கார்ந்தாராம். இதை அவர் ஒரு நண்பருக்கு எழுதினார், நண்பரின் மகனுக்குப் பாடமாக. அந்த மகன்தான் பின்னாளின் வரலாற்றாசிரியர் மெக்காலே. 1831-ல் நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதாவுக்காக மெக்காலே பேசியபோது அந்தப் பாடம் பலித்தது.

மறுபுறம் வெளியுறவு அமைச்சர் காசல்ரே. உவமைகள் குழம்பும், வாக்கியம் தடுமாறும். ஆனாலும் 1812 முதல் பத்தாண்டுகள் அந்த அவையில் அரசுத் தரப்பை வழிநடத்தியவர் அவர்தான். நாவன்மை ஒன்றே அளவுகோலாக இருந்திருந்தால் இது நடந்திராது.

என் மனம் போய் நிற்பது சாமுவேல் ராமிலியிடம். வழக்கறிஞர், அலங்காரத்தை நாடாதவர். 1807 பிப்ரவரி 23 இரவு, அடிமை வாணிப ஒழிப்பு விவாதத்தில் இரண்டு மனிதர்களை அவை முன் நிறுத்தினார். ஒருவர், அதிகாரத்தின் உச்சியில் இருந்தும் தான் சிந்திய ரத்தத்தின் நினைவோடு படுக்கைக்குப் போகும் நெப்போலியன். மற்றவர், அன்றைய வாக்கெடுப்பு முடிந்து குடும்பத்திடம் திரும்பும் வில்பர்ஃபோர்ஸ், அந்த ஒழிப்புக்காகப் பல ஆண்டுகள் போராடியவர். அவை எழுந்து ஆரவாரித்தது. வில்பர்ஃபோர்ஸ் கண்ணீர் விட்டார். 283-க்கு 16 என்று மசோதா வென்றது. வாக்குகள் ஏற்கெனவே கனிந்திருந்தன என்பது உண்மைதான். அவையின் மனம் அறிந்ததை அதன் கண்முன் காட்டியது ராமிலியின் பேச்சு.

கேட்பார் குறைவான விஷயத்திலும் அவர் அதே நிதானத்தோடு பேசினார். கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் அன்று தூக்கு. அதை நீக்க 1810-ல் மசோதா கொண்டுவந்தார். மக்களவை ஏற்றது, பிரபுக்கள் அவை 31-க்கு 11 என்று தள்ளியது. எதிர்த்தவர்களில் கேன்டர்பரி பேராயரும் ஆறு ஆயர்களும் உண்டு. ராமிலி அடங்கவில்லை. 1818-லும் அதே மசோதாவோடு எழுந்தார். அந்த நவம்பரில் மறைந்தார். 1820-களில்தான் அந்தத் தூக்குத் தண்டனை நீங்கியது.