டீ-ஷர்ட்டில் இல்லாத இயன் கர்ட்டிஸ்

போன மாதம் அலுவலக கேன்டீனில் ஒரு பையன் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தான். கறுப்புத் துணி, நடுவில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள். "ஜாய் டிவிஷன் கேப்பியா?" என்று ஆர்வமாகக் கேட்டேன். "அப்படின்னா என்னண்ணா? டிசைன் நல்லாருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றான். சுர்ரென்று ஒரு கோபம் வந்தது. தட்டைக் கழுவும்போதே அது போய்விட்டது. பத்தொன்பது வயதில் நானும் அந்தப் பாடகனை ஒரு டீ-ஷர்ட்டாகத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தேன். இயன் கர்ட்டிஸ் 23 வயதில் தற்கொலை செய்துகொண்டவர் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். பாட்டெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தக் கோடுகளின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் படித்தவனின் பலவீனம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாரின் ரேடியோ துடிப்புகள் அவை. ஏறக்குறைய 1.34 விநாடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்பையும் ஒரு கோடாக வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பில் இருந்த அந்தப் படத்தை பீட்டர் சாவில் தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளையாக 1979இல் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டைக்குக் கொண்டுவந்தார். முன்னட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது இவ்வளவு சுலபமாகப் பாட்டிலிருந்து கழன்று சட்டைக்குப் போய்விட்டது.

வாழ்க்கை வரலாறு சின்னதுதான். 1956இல் பிறந்தார். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் வளர்ந்தார். பத்தொன்பது வயதில் டெபோராவுடன் கல்யாணம். 1976 கோடையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் மான்செஸ்டருக்கு வந்து வாசித்ததைப் பார்த்துவிட்டுக் குழு ஆரம்பித்த பலரில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். கர்ட்டிஸ் அவர்களோடு சேர்ந்தார். பிறகு டிரம்ஸுக்கு ஸ்டீஃபன் மோரிஸ். முதலில் வார்சா என்று பெயர், அப்புறம் ஜாய் டிவிஷன். நாஜி முகாமில் பெண்கள் அடைத்துவைக்கப்பட்ட பகுதியை ஒரு நாவல் அப்படி அழைத்தது, அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். இருபது வயதுக்காரர்களின் அதிர்ச்சி ஆசை. எனக்கு அந்தப் பெயர் இன்றும் உறுத்துகிறது. இரண்டு ஆல்பங்கள், கொஞ்சம் தனிப்பாடல்கள். அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், 1980 மே 18 அன்று, எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தச் சுருக்கத்தில் எப்போதும் விட்டுப்போவது அவருடைய வேலை. மேக்கிள்ஸ்ஃபீல்டின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியராக இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் பொறுப்பு. காலையில் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். ராத்திரி பாட வேண்டும். அப்படி வந்தவர்களில் வலிப்பு நோய் இருந்த ஒரு இளம்பெண்ணும் உண்டு. திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். வலிப்பு வந்து இறந்துபோனாள் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரியவந்தது. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. கர்ட்டிஸுக்கும் அதே நோய் என்று 1979 ஜனவரியில் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள்.

ஹாஸ்டலில் நான் அந்தப் பாட்டை அவருடைய சுயசரிதை என்றே நினைத்தேன். நான் மட்டுமல்ல, இணையத்தில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தியை உற்றுக் கவனித்து எழுதியவரிடமிருந்து அந்தக் கவனத்தைப் பிடுங்கிவிட்டு, 'பாவம், தன்னைப் பற்றித்தான் பாடியிருக்கார்' என்று முடித்துவிடுகிறோம். அவர் சாவு அந்தப் பெண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டது. கவிஞனாக அவருக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம் இதுதான் என்று தோன்றுகிறது.

இசையைப் பற்றிக் கொஞ்சம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஒரு கிறுக்கர், நல்ல அர்த்தத்தில். டிரம்ஸைத் துண்டு துண்டாகத் தனித்தனியே பதிவு செய்வார். டிஜிட்டல் டிலே கருவியை வைத்துக்கொண்டு ஒலிகளுக்கு நடுவே காலி மைதானங்களை உண்டாக்குவார். ஸ்ப்ரே டப்பாவின் 'ஸ்ஸ்' சத்தம்கூட அவருக்குத் தாளம்தான். ஆல்பம் வந்தபோது ஹுக்குக்கும் சம்னருக்கும் பிடிக்கவில்லை. மேடையில் இடி மாதிரி வாசித்ததை இப்படி இளைக்க வைத்துவிட்டாரே என்று கோபம். ஹுக் பேஸ் கிடாரை மேல்ஸ்தாயியில் வாசித்ததும் திட்டமிட்டு வந்ததல்ல. கையிலிருந்த மட்டமான ஆம்ப்ளிஃபையரில், சம்னரின் கிடார் சத்தத்துக்கு நடுவே, அப்படி வாசித்தால்தான் அவருக்கே அவர் வாசிப்பது கேட்டது. அதனால் மெட்டு பேஸுக்குப் போய்விட்டது. கிடார் ஓரத்தில் நின்று கீறிக்கொண்டிருக்கிறது. நடுவில் விட்ட வெற்றிடத்தில் கர்ட்டிஸின் கனத்த குரல். வார்சா நாட்களின் பதிவுகளைக் கேளுங்கள், வெறும் கத்தல். இரண்டே வருடத்தில் அந்தக் குரல் எப்படி அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து அந்த நடனம். கைகள் விசிறி மாதிரி சுழல, கண்கள் எங்கோ நிலைத்திருக்க, உடம்பு தன்னிடமிருந்தே தப்பி ஓடுவது போல ஆடுவார். ஹாஸ்டலில் நள்ளிரவில் யூட்யூபில் அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் முன்னால் நான் ஆடிக்காட்டியிருக்கிறேன். செம கைதட்டல். பின்னால்தான் படித்தேன்: 1980 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்குகளுக்கு நடுவே அவருக்கு நிஜமாகவே வலிப்பு வந்து, டிரம்ஸ் மேலேயே போய் விழுந்தார். இப்படி நடந்த இரவுகளில் எது நடனம், எது நோய் என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள் உண்டு. அதைப் படித்த நாளில் எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன், முப்பது வருடம் தாமதமாக.

இறந்த பிறகு எல்லாமே முன்னறிவிப்பாகிவிடுகிறது. இரண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' அவர் போய் இரண்டு மாதத்தில் வெளிவந்தது. அட்டையில் இத்தாலியின் ஜெனோவாவில் உள்ள ஒரு கல்லறைச் சிற்பத்தின் புகைப்படம். சாவைக் காசாக்குகிறார்கள் என்று தோன்றத்தானே செய்யும்? ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே தேர்ந்தெடுத்த படம் அது. வரிகளும் அப்படித்தான். இன்று கேட்டால் ஒவ்வொன்றும் விடைபெறும் கடிதம் போல ஒலிக்கிறது. அன்று கூடவே இருந்தவர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. வரிகளைச் சரியாகக் கவனிக்கவே இல்லை என்று ஹுக்கும் சம்னரும் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய், மாத்திரைகள், உடையும் திருமணம், கைக்குழந்தை, ஊர் ஊராகக் கச்சேரி. இத்தனைக்கும் நடுவில் யாராவது கேட்டால் ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன் என்பாராம். ஓய்வும் சிகிச்சையும் வேண்டியிருந்த ஒருவருக்கு அடுத்த கச்சேரியின் தேதி கிடைத்தது. இதில் காவியம் என்ன இருக்கிறது?

அதனால்தான் டெபோரா 1995இல் எழுதிய 'டச்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' எனக்கு முக்கியமான புத்தகம். ரசிகனுக்குப் பிடிக்காத விஷயங்கள் அதில் உண்டு: கணவனின் பொறாமை, இன்னொரு உறவு, வீட்டில் பணமுடை. அந்தப் புத்தகத்தை வைத்து ஆன்டன் கார்பைன் 2007இல் எடுத்த 'கன்ட்ரோல்' படத்தில் சாம் ரைலி பிரமாதமாக நடித்திருக்கிறார். ஆனாலும் ஒரு குறை. கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு ஃபிரேமும் அவ்வளவு அழகு; துணி காயப்போடும் கொடிகூட அழகு. புத்தகத்தில் இருக்கும் எரிச்சல் அந்த அழகில் கரைந்துபோகிறது. மேக்கிள்ஸ்ஃபீல்டில் அவர் நினைவுக்கல்லில் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்ற தலைப்பைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு மணவாழ்வு சிதைவதைப் பற்றிய பாட்டு. அதைக் கல்லில் இடத் தேர்ந்தெடுத்தவர் அந்த மனைவி. ரசிகர்கள் அங்கே பூ வைக்கிறார்கள். அந்தத் தேர்வை எப்படி வாசிப்பது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

தாக்கம் என்று கேட்டால் பட்டியல் நீளும். இன்டர்போல், எடிட்டர்ஸ் மாதிரிக் குழுக்களின் கனத்த குரல்களில் இவர் சாயல் தெரியும். நைன் இன்ச் நெய்ல்ஸ் 'டெட் சோல்ஸ்' பாட்டை மறுபடி பாடினார்கள். எனக்குப் பெரிய தாக்கமாகத் தெரிவது மிச்சமிருந்த மூன்று பேர் செய்த காரியம். பழைய பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். 1983இல் 'ப்ளூ மன்டே' மூலம் உலகத்தையே ஆட வைத்தார்கள்.

அவர்களின் முதல் சிங்கிள் 1981இல் வந்த 'செரிமொனி'. கர்ட்டிஸ் இருந்தபோது கடைசி வாரங்களில் உருவான பாட்டு. வரிகள் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. இருந்ததெல்லாம் சரியாகப் பதிவாகாத ஒலிநாடாதான், குரல் வாத்தியங்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. இனிப் பாட வேண்டியவர் சம்னர். அவர் அந்தப் பதிவை கிராஃபிக் ஈக்வலைசர் வழியாக ஓட்டி, ஓட்டி, நண்பன் என்ன சொல்கிறான் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தெடுத்து எழுதிக்கொண்டாராம்.

பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பையனுக்கு இதன் லிங்க்கை அனுப்பியிருக்கிறேன். இன்னும் ப்ளூ டிக் வரவில்லை.