அகச்சிவப்புப் பேனா: பலகையா, பாடமா?

2007 டிசம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஜானி லீ, ஏறத்தாழ 40 டாலர் விலையுள்ள நின்டெண்டோ வீ ரிமோட்டைக் கொண்டு ஊடாடும் வெண்பலகை அமைத்துக் காட்டினார். ரிமோட்டின் அகச்சிவப்புக் கேமரா, பேனா நுனியில் எரியும் எல்இடியைப் பின்தொடரும். திரையின் நான்கு மூலைகளையும் ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டால், பேனா போகும் தடமெல்லாம் கணினியில் கோடாக விழும். பேனாவுக்குள் ஓர் எல்இடி, ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிக்கனக் கணக்கில் புரொஜெக்டரும் கணினியும் சேரவில்லை.

பழவேற்காட்டின் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்களில் வைத்துப் பார்த்தால் குறைகள் இன்னும் துலங்கும். புரொஜெக்டர் இருட்டைக் கேட்கும். கடற்கரைப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்த முடியாது. திறந்தாலோ வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, கேமரா தடுமாறும். எழுதுபவரின் தோள் குறுக்கே வந்தால் கோடு அறுபடும். வீ ரிமோட் கிடைக்காவிட்டால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்றிய வெப்கேமரா போதும்தான். வேகமாக எழுதினால் அது பின்தங்கும். உப்புக்காற்று எந்தக் கருவியையும் விடாது. அங்கேதான் பேனாவின் கை ஓங்குகிறது: செல்போன் பழுதுபார்ப்பவர் எவரும் அதைப் பற்றவைத்துவிடுவார், தொடுதிரை கெட்டால் நிறுவனத்து ஆள் வரவேண்டும்.

தமிழக அரசு 2024இல் 455.32 கோடி ரூபாயில், அதாவது அறைக்குச் சுமார் 2 லட்சத்தில், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்க முனைந்த பிறகு இந்த ஒட்டுவேலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அன்றாடப் பாடத்துக்குத் தொடுதிரையே மேல். ஆனால் லண்டன் பள்ளிகளின் ஊடாடும் பலகைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான மதிப்பீடு, முதல் ஆண்டில் தேர்ச்சியில் உயர்வு எதையும் காணவில்லை. பலகையை வாங்குவதால் மட்டும் படிப்பு வந்துவிடாது என்றால், மலிவான பலகை என்ற பெருமையும் அவ்வளவு பெரிதல்ல. பேனாவின் மதிப்பு அதைப் பிள்ளைகளே செய்வதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி செல்போன் கேமராவில் மினுங்குவதும், பலகையில் ஒரு புள்ளி இரண்டு எண்களாக மாறுவதும் அப்போது பாடமாகின்றன. படகில் ஜிபிஎஸ் எண்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஆயத்தொலைவுகள் அந்நியமல்ல. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லாத ஆசிரியரிடம் இதையும் சுமத்துவதா என்பது கனமான ஆட்சேபம். தொடக்க வகுப்புகளை விட்டுவிட்டு, எட்டாம் வகுப்பின் அறிவியல் செய்முறையில் ஓரிரு பாடவேளை ஒதுக்கினால் போதும். புரொஜெக்டர்கூட வேண்டாம், கணினித் திரையே போதும்.