வாசல் கோலமும் பூசணிப்பூவும்

ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஊத்துக்கோட்டையிலும் வீட்டின் அழகு வாசலில்தான் தொடங்குகிறது. சாணம் தெளித்துப் பெருக்கிய தரை காய்வதற்குள் கோலம் போட வேண்டும். ஈரத்தில்தான் மாவு பிடித்து நிற்கும். நேர்ப்புள்ளியில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும்; இடைப்புள்ளியில் இரண்டுக்கு நடுவே அடுத்தது விழும். சிக்குக் கோலத்திலோ கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைந்து சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. கைப்பழக்கத்தின் உச்சம் அதுவே. செம்மண் கரை கட்டினால் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மார்கழியில் தோட்டத்துப் பூசணிப்பூ, சாண உருண்டையில் செருகப்பட்டு, கோலத்தின் நடுவே அமர்கிறது. தெலுங்கு வீடுகளில் சங்கராந்தியை ஒட்டி வைக்கும் கொப்பெம்மா என்ற சாண உருண்டையும் இதற்கு நெருங்கிய உறவு. கோலம் போடும் மாவில், கல்மாவு பளிச்சென்று விழும். ஆனால் எறும்புக்கு உணவாவது அரிசிமாவு மட்டுமே.