த்ராட்டிலை விட்டுக்கொடுத்த கேப்டன்

விமானியைப் பறந்த மணி நேரத்தை வைத்து எடைபோடுவது பழைய வழக்கம், மட்டையாளரை ரன்னை வைத்து மதிப்பிடுவதுபோல. யுனைடெட் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இறங்க வந்த டிசி-8 விமானத்தின் சக்கரம் வழக்கத்துக்கு மாறான சத்தத்தோடு இறங்கியது. சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். சக்கரத்திலேயே மனதை வைத்து, சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டே வருவது உடனிருந்த இருவருக்கும் தெரியும். சொல்லவும் சொன்னார்கள். ஆனால் மென்று விழுங்கிச் சொன்னார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, விமானம் புறநகரில் விழுந்தது. 10 பேர் பலி.

இதன்பிறகுதான் 1981-ல் யுனைடெட் புதிய பயிற்சியைத் தொடங்கியது. கேப்டன் கேட்க வேண்டும். மற்றவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். பாடம் அவ்வளவுதான். நாகரிக வகுப்பு என்று கேலி பேசிய மூத்த விமானிகளும் உண்டு.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த டிசி-10 விமானத்தின் வால் இன்ஜின் 37,000 அடி உயரத்தில் வெடித்துச் சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் விமானம் அசையவில்லை; வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கேப்டன் ஆல் ஹெயின்ஸ் இடது இன்ஜினின் வேகத்தைக் குறைத்து, வலது இன்ஜினின் வேகத்தைக் கூட்டினார். இறக்கை மெல்ல நிமிர்ந்தது.

பயணிகளில் ஒருவராக வந்திருந்தார் டென்னி ஃபிட்ச், அதே நிறுவனத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். உதவட்டுமா என்று சொல்லியனுப்பினார். வேறொரு கேப்டனாக இருந்தால் கௌரவம் குறுக்கே நின்றிருக்கும். ஹெயின்ஸ் உள்ளே அழைத்தார். இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களை அவர் கையில் கொடுத்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நின்றபடி, இரு கைகளிலும் ஒவ்வொரு த்ராட்டிலைப் பிடித்து, அதைக் கூட்டி இதைக் குறைத்து விமானத்தை நடத்தினார் ஃபிட்ச். இறங்கும் நேரம் நெருங்கியதும் ஃப்ளைட் இன்ஜினியர் டட்லி ட்வோராக் எழுந்து தன் இருக்கையையும் அவருக்கே கொடுத்தார்.

ஃபிட்ச்சுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1985-ல் ஜப்பானில் இதேபோல் ஹைட்ராலிக் இழந்த விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்த செய்தி அவரை உறுத்தியது. இன்ஜின் வேகத்தை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா என்று சிமுலேட்டரில் முயன்று பார்த்திருந்தார். யாரும் வைக்காத பரீட்சைக்குப் படிக்கிற இந்தக் குணத்துக்கு ஹெயின்ஸின் புகழில் சரிபாதி சேர வேண்டும்.

அவசரமாகத் தரையிறங்கத் தேர்ந்த சூ சிட்டி விமான நிலையத்தில் எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றது கட்டுப்பாட்டு அறை. ஓடுபாதையிலேதான் இறங்க வேண்டுமா என்று சிரித்தபடி கேட்டார் ஹெயின்ஸ். இறங்கும்போது வலது இறக்கை தரையைத் தட்டி, விமானம் உடைந்து தீப்பிடித்தது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். பின்னர் சிமுலேட்டரில் இதையே முயன்ற விமானிகளால் பத்திரமாகத் தரையிறக்க முடியவில்லை.

துணை விமானியையும் சேர்த்து காக்பிட்டில் இருந்த நால்வரும் உயிர்தப்பி மறுபடி பறந்தார்கள். 1991-ல் நாசா மையமொன்றில் பேசிய ஹெயின்ஸ், அந்தக் குழுப் பயிற்சி இல்லாவிட்டால் சூ சிட்டிவரை வந்திருக்கவே முடியாது என்றார். 1980 வரை கேப்டன் சொன்னதே சட்டமாக இருந்ததையும், அதனால் சில விமானங்களைப் பறிகொடுத்ததையும் அவர் மறைக்கவில்லை.